மஞ்சள் டேப்

எரிந்துபோன ஆம்ப்ளிஃபயரைத் திறக்க அண்ணிக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

முதலில் நேரமில்லை என்றாள். அப்புறம் ஸ்பேர் கிடைக்கவில்லை என்றாள். ஒரு நாள் கை வலிக்கிறது என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். ஊரில் யார் வீட்டு மைக்செட் படுத்தாலும் ஒரு மணி நேரத்தில் பிரித்துப் போட்டு வைத்தியம் பார்க்கிறவள், சொந்த வீட்டுப் பெட்டியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள் என்றால் அதற்குக் காரணம் வேறு. திறந்தால் உண்மை தெரிந்துவிடும். அது கொழுந்தனைப் பொய்யனாக்கிவிடுமோ என்று பயந்தாள்.

வாராவாரம் விடாமல் படிக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக மட்டும் சொல்கிறேன். அண்ணன் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். அண்ணி அந்தப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறவள். தம்பி மேடைக்குக் கீழே உட்கார்ந்து மிக்ஸரைத் திருகுகிறவன். மைக்கில் ஹலோ ஹலோ என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு ஹலோ என்றே பேர் நின்றுவிட்டது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தபோது ஆம்ப்ளிஃபயர் புகைந்து, பக்கத்துத் திரையில் தீப்பிடித்தது. ஹலோ பெட்டியை வெறுங்கையால் வெளியே இழுத்தான். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுடைய வலது உள்ளங்கை வெந்துபோனது.

அளவுக்கு மேல் ஸ்பீக்கர் மாட்டியதால்தான் எரிந்தது என்றான் அண்ணன். மாட்டவில்லை என்றான் ஹலோ. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை அப்படி மாட்டி ஒரு பெட்டியைச் சாகடித்தவன் அவன். ஒரு முறை தப்புப் பண்ணினவன் சத்தியம் செய்தால்கூட வீட்டில் எடுபடாது. யாரும் நம்பவில்லை.

இன்று நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்து ஆபீஸ்காரர் வருகிறார். விபத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போலீசுக்குப் போகாமல் முடித்துக்கொள்கிறோம் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். அண்ணன் கடிதத்தை எழுதி மேஜைமேல் வைத்துவிட்டான். எட்டு நாள் முரண்டு பிடித்த ஹலோ, நேற்று அம்மா அழுததும் விட்டுக் கொடுத்துவிட்டான்.

அந்தக் காகிதம் ஒரு பள்ளிக்கூடத்து ஃபைலில் ஏறினால், அப்புறம் எந்த மேடையும் அவனைக் கிட்டே சேர்க்காது. அது அம்மாவுக்குத் தெரியாது. அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான் அண்ணி இன்று காலை ஒன்பதரைக்குப் பெட்டியைத் தூக்கி மேஜையில் வைத்தாள்.

மேல் மூடியின் பதினாலு ஸ்க்ரூவையும் கழற்றியதும் எரிந்த நெடி குப்பென்று வந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தாள். பெரிய கபாசிட்டர்களில் கரண்ட் தங்கியிருக்கும். ஒன்பது நாளில் வடிந்திருக்கும் என்று தெரிந்தும், வயர் கட்டிய பழைய பல்பு ஒன்றை எடுத்து அவற்றின் முனைகளில் தொட்டு வைத்தாள். பல்பு எரியவில்லை. அதற்குப் பிறகுதான் உள்ளே கை விட்டாள்.

பவர் சப்ளை பக்கம் மொத்தமும் கரி. டிரான்ஸ்ஃபார்மரின் மேல் சுற்றியிருந்த தாள் பொரிந்து உதிர்ந்தது. ஒரு கபாசிட்டர் தலை வீங்கி வெடித்திருந்தது. போர்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு.

ஆனால் அவள் தேடியது அங்கே இல்லை. ஸ்பீக்கர் அதிகமாக மாட்டி எரிந்த பெட்டியென்றால் முதலில் சாவது கடைசி வரிசையில் நிற்கும் பன்னிரண்டு டிரான்சிஸ்டர்கள்தான். அவைதான் ஸ்பீக்கரைச் சுமக்கிறவை. செத்திருந்தால் ஹலோ பொய்யன். உயிரோடு இருந்தால் அவன் சொன்னது சத்தியம்.

மீட்டரை எடுத்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாள். பீப் என்றது. மீட்டர் சரி. இனிமேல் எங்கே பீப் அடிக்கிறதோ அங்கே ஷார்ட்; சத்தமில்லையென்றால் உயிர்.

முதல் டிரான்சிஸ்டர். சத்தமில்லை. இரண்டாவது. சத்தமில்லை. ஆறாவதுக்கு வரும்போது அவள் வாய் தானாகச் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டும் கல் மாதிரி இருந்தன. ஒன்பது நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கிவிட்டது. கத்திக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

பிறகு தொழில் புத்தி குறுக்கே வந்தது. சரி, இவன் எரிக்கவில்லை. அப்புறம் எது எரித்தது? பவர் சப்ளையில் எது ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ் போக வேண்டும். டப்பென்று ஒரு சத்தம், பாட்டு நிற்கும், பிள்ளைகள் மேடையில் திருதிருவென்று முழிப்பார்கள், அவ்வளவுதான். தீ வரை போகவே போகாது. இவ்வளவு எரிந்த பெட்டியில் ஃபியூஸ் எப்போதோ செத்திருக்கும் என்று அதைப் பார்க்காமலே விட்டிருந்தாள். இப்போது பின்பக்க மூடியைத் திருகி ஃபியூஸை வெளியே எடுத்தாள்.

கண்ணாடிக் குழாயின் மேல் செம்புக் கம்பி சுற்றியிருந்தது.

வயரிலிருந்து உருவிய நாலு இழை. முறுக்கி, இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு இழுத்து, இரண்டு பக்கமும் சால்டர் வைத்திருந்தது. உள்ளே ஃபியூஸ் போனாலும் போகாவிட்டாலும் கரண்ட் கம்பி வழியே ஓடிக்கொண்டே இருக்கும். அவசரத்துக்கு எல்லா மைக்செட்காரனும் செய்கிற திருட்டு வேலைதான். எந்த மடையன் இதைச் செய்தது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வெளிச்சத்தில் திருப்பினாள்.

கம்பியின் நுனிகள் உள்பக்கமாகச் சின்ன வளையமாக மடிக்கப்பட்டிருந்தன.

இந்த ஊரில் அப்படி மடிப்பது ஒரே ஒரு கைதான். ஹலோ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு கம்பி நுனி விரலில் ஏறி, சீழ் வைத்து, பத்து நாள் அவனைப் படாத பாடு படுத்திவிட்டது. அன்றிலிருந்து அண்ணி எந்தக் கம்பி நுனியையும் வெறுமனே விடுவதில்லை. மடித்துத்தான் விடுவாள்.

அவளுக்கு ஞாபகம் வந்தது. போன வருஷம் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த நாள். ஹலோ ஆஸ்பத்திரியில் இருந்தான். அண்ணன் வண்டியை வாசலில் நிறுத்திக்கொண்டு, பெட்டி வேண்டும் இப்பவே வேண்டும் என்று நின்றான். டப்பாவில் அந்த அளவு ஃபியூஸ் இல்லை. ஒரு நாளைக்குத்தானே என்று கம்பியைச் சுற்றினாள். வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

இந்த வீட்டில் அதற்கென்று ஒரு சட்டம் உண்டு. தற்காலிகமாக ஒப்பேற்றிய பெட்டியின் கைப்பிடியில் மஞ்சள் டேப் சுற்ற வேண்டும். ஒட்டின கைதான் உரிக்க வேண்டும். டேப் இருந்தால் பெட்டி நோயாளி, திரும்பி வந்ததும் பழுது பார்க்காமல் மறுபடி வாடகைக்குப் போகக் கூடாது; இல்லையென்றால் ஆரோக்கியம். அண்ணி தன் ஞாபகத்தை நம்புவதில்லை, டேப்பைத்தான் நம்புவாள். அந்தச் சீசன் முழுக்கப் பெட்டி ஊர் ஊராகச் சுற்றி, ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது கைப்பிடி வெறுமையாக இருந்தது. நல்ல பெட்டி என்று அலமாரியில் ஏற்றிவிட்டாள்.

அன்றைக்கு டேப் ஒட்டினேனா, ஒட்ட மறந்தேனா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

கை தன்பாட்டுக்கு மீட்டரை எடுத்து பிரிட்ஜின் கால்களைத் தொட்டது. ஏசியை டிசி ஆக்குகிற சின்னச் சதுரம் அது. பீப்.

பக்கத்து அறையிலிருந்து ஹலோவின் குரல் வந்தது. கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தான்.

"அண்ணி, பீப் எங்க அடிச்சுது?"

"பிரிட்ஜ்ல."

"டிரான்சிஸ்டர் எல்லாம் எப்படி இருக்கு?"

ஃபியூஸ் அவள் உள்ளங்கையில் இருந்தது. விரல்களை மூடிக்கொண்டாள்.

"இன்னும் பாக்கலை."

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "சரிங்க அண்ணி" என்றான்.

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியாது, பொறுக்கவும் முடியாது. ஊரில் ஆறு மைக்செட்காரர்கள் தங்கள் பெட்டிகளை இவளிடம் கொண்டுவருகிறார்கள் என்றால், இவள் கைபட்டது எரியாது என்ற ஒரே நம்பிக்கையில்தான். ஒரு பொம்பளை இந்த வேலையா என்று வாசலோடு திரும்பிப் போனவர்களை ஒவ்வொருத்தராக உள்ளே வரவைக்க அவளுக்கு எட்டு வருஷம் பிடித்தது. பிள்ளைகள் ஆடிய மேடையில் தீ வைத்தவள் என்று ஆகிவிட்டால்?

ஒன்றும் பேசாமல் வேலையைப் பார்த்தாள். செத்துக் கிடந்த பழைய பெட்டி ஒன்றிலிருந்து அதே ரகம் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி மாட்டினாள். புது பிரிட்ஜ், புது கபாசிட்டர் இரண்டு. போர்டின் கறுப்பைச் சுரண்ட மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது. கருகின போர்டு கரிதான். கரியிலும் கரண்ட் ஓடும். கொஞ்சம் மிச்சம் வைத்தாலும் மறுபடி எரியும். வெள்ளை தெரிகிறவரை சுரண்டி, அந்த இடத்தில் வயர் போட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு அம்மா டீயோடு வந்து நின்றாள்.

"என்னம்மா, தேறுமா?"

"தேறும் அத்தை."

"அவன் தேறுவானான்னு கேட்டேன். பெட்டி கெடக்கு."

அண்ணி தலை நிமிரவில்லை.

"நேத்து நான் அழுதிருக்கக் கூடாது" என்றாள் அம்மா. "எனக்காகத்தான் கையெழுத்துப் போடுறேன்னான். அவன் பொய் சொன்னா காது சிவக்கும். சின்னப் புள்ளையிலேர்ந்து அப்படித்தான். இந்த ஒன்பது நாளும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். சிவக்கலை. ஆனா பெரியவன் சொல்றப்ப நான் என்ன பண்ண?"

டீ ஆறி ஆடை படிந்தது. அண்ணி அதைத் தொடவே இல்லை.

மூன்றரைக்குப் பெட்டி தயார். நேராக மெயினில் மாட்டாமல், ஒரு பெரிய பல்பைக் குறுக்கே போட்டு ஸ்விட்சைத் தட்டினாள். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும். பளிச்சென்றது. பிறகு மெல்ல மங்கி, அணைகிற மாதிரி சிவந்து நின்றது. பெட்டி பிழைத்துவிட்டது. சரியான ஃபியூஸ் ஒன்றை எடுத்துப் பின்னால் திருகினாள். பழையதைக் குப்பையில் போட ஒரு நிமிஷம் போதும். ஆனால் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நாலு மணிக்குச் சரியாக ஆபீஸ்காரர் வந்தார். கையில் ஃபைல், அக்குளில் குடை. உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வந்த வேலையைவிட்டு வேறு எதையும் பார்க்கக் கூடாது என்று முடிவு பண்ணியவர் மாதிரி தரையையே பார்த்தார்.

அண்ணன் கடிதத்தை எடுத்து நீட்டினான். அவரே சத்தமாகப் படித்தார்.

"ஆம்ப்ளிஃபயரில் அளவுக்கு மீறி ஸ்பீக்கர்களை இணைத்ததால் விபத்து ஏற்பட்டது. இதற்கு நானே முழுப் பொறுப்பு. சரி. யாரு கையெழுத்து?"

ஹலோ வந்து உட்கார்ந்தான். பேனாவை இடது கையில் வாங்கினான். வலது கை கட்டோடு மடியில் கிடந்தது.

"இடது கையில வருமா தம்பி? இல்லேன்னா ரேகை வெச்சாலும் போதும்" என்றார் ஆபீஸ்காரர்.

"வரும் சார்."

பேனா முனை காகிதத்தைத் தொட்டது. ஹலோ உடனே எழுதவில்லை. தலையைத் தூக்கி அண்ணியைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தான்.

அண்ணி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஃபியூஸை எடுத்துக் கடிதத்தின் மேல் வைத்தாள்.

"அவன் எதுவும் பண்ணலை சார். இது நான் பண்ணினது."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றான் அண்ணன். ஆபீஸ்காரரிடம் திரும்பி, "ஒரு வாரமா அவளுக்குத் தூக்கமே இல்ல சார். ஏதோ பேசுறா" என்றான்.

"நல்லா முழிச்சுக்கிட்டுதாங்க பேசுறேன்." அவள் ஃபியூஸை அவர் பக்கம் தள்ளினாள். "இந்தக் கம்பி இல்லேன்னா ஃபியூஸ் போயிருக்கும் சார். தீயே வந்திருக்காது. இதைச் சுத்தினது என் கை. ஸ்பீக்கர் அதிகமா மாட்டியிருந்தா உள்ள பன்னெண்டு டிரான்சிஸ்டர் செத்திருக்கணும். ஒண்ணுகூட சாகலை. நீங்க யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வந்து பாக்கச் சொல்லுங்க."

ஆபீஸ்காரர் ஃபியூஸைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "எனக்கு இதெல்லாம் புரியாதும்மா. எனக்கு ஒரு கையெழுத்து வேணும். அஞ்சு மணிக்கு ஆபீஸைப் பூட்டிடுவாங்க."

அண்ணி ஒரு வெள்ளைத் தாளை இழுத்து மூன்று வரி எழுதினாள். பழுது பார்த்தவரின் தவறு என்று எழுதி, கீழே தன் பேரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் அதை ஃபைலில் வைத்து, குடையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார். பழைய கடிதம் மேஜையிலேயே கிடந்தது.

வாசல் கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் அண்ணன் வெடித்தான்.

"என்ன காரியம் பண்ணிட்டே? உன் பேர் போச்சுன்னா நாளைக்கு எவன் இங்க பெட்டியைக் கொண்டு வருவான்? அவன் பேர்ல போயிருந்தா ஆறு மாசத்துல எல்லாரும் மறந்திருப்பாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தம்பி அங்கேயே உட்கார்ந்திருப்பது அவனுக்கு உறைத்தது.

ஹலோ சிரித்தான். "ஆறு மாசம்தானா அண்ணா? முதல்லயே சொல்லியிருந்தா நேத்தே போட்டிருப்பேனே."

"டேய், நான் அந்த அர்த்தத்துல சொல்லலை."

"பரவாயில்ல, விடுங்க."

அவன் எழுந்து பக்கத்து அறைக்குப் போனான். ஒற்றைக் கையால் பையில் துணிகளைத் திணிக்கிற சத்தம் கேட்டது. அம்மா பின்னாலேயே ஓடினாள். "எங்கடா போறே? அதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. இனிமே என்னடா?"

"ஃபிரெண்டு ரூமுக்கும்மா. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அங்க இருக்கேன்."

அண்ணி வாசற்படியில் வழி மறித்து நின்றாள். கண் நிறைந்திருந்தது. "என்னைத் திட்டிட்டுப் போ தம்பி. ஒரு வார்த்தையாவது திட்டு. நான் சுத்தின கம்பிக்கு நீ கையைப் பொசுக்கிக்கிட்டே."

"கம்பிக்காக நான் போகலை அண்ணி. அது யாருக்கும் வர்ற தப்பு." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். "காலையில மீட்டர் சத்தம் கேட்டுக்கிட்டேதான் படுத்திருந்தேன். முதல்ல ஒரு பீப், மீட்டரைப் பாக்க. அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. கடைசியில பிரிட்ஜ்ல ஒரு பீப். டிரான்சிஸ்டரைப் பாக்காம நீங்க பிரிட்ஜுக்கு வந்ததே இல்ல."

அண்ணியின் கை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டது.

"நீங்க எப்ப சொல்லுவீங்க, எப்ப சொல்லுவீங்கன்னு நாலு மணி வரைக்கும் படுத்திருந்தேன். சொல்லிட்டீங்க. இல்லேன்னு சொல்லலை. ஆனா அந்த ஆறு மணி நேரம் இருக்கே அண்ணி, கை எரிஞ்சப்பகூட அப்படி இல்ல."

அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே இறங்கினான். இரண்டடி போனவன் திரும்பி வந்தான். எதையோ மறந்துவிட்டவன் போல, மேஜைமேல் இருந்த ஆம்ப்ளிஃபயரின் கைப்பிடியை இடது கைக் கட்டை விரலால் தடவினான். விரல் ஓரிடத்தில் பிசுக்கென்று ஒட்டி நின்றது. அந்த இடத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு அழுக்குப் பசை வளையமாகச் சுற்றியிருந்தது.

"நீங்க டேப் ஒட்டித்தான் அனுப்பியிருக்கீங்க அண்ணி. உங்களுக்கே சந்தேகமா இருந்திருக்கும். இந்தாங்க, தொட்டுப் பாருங்க."

அண்ணி தொட்டுப் பார்த்தாள். பசை அப்படியே இருந்தது.

"அப்ப அதை உரிச்சது யாரு?" என்றாள்.

கையெழுத்துப் போடுமுன் காத்திருந்த மாதிரியே ஹலோ நின்று பார்த்தான். பிறகு பையைச் சரி பண்ணிக்கொண்டு, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

அண்ணன் பழைய கடிதத்தை எடுத்து நாலாக மடித்தான். மறுபடி பிரித்தான். மறுபடி மடித்தான்.

"பெரியவனே" என்றாள் அம்மா. குரலில் அழுகை இல்லை. "அந்தச் சீசன் பூரா பெட்டி உன் வண்டியிலதான் சுத்திச்சு. எங்கிட்ட மட்டும் சொல்லு. அந்த டேப்பை உரிச்சது நீயா?"

அண்ணன் நிமிராமல் கேட்டான்.

"எந்த டேப்?"

அந்த வீட்டில் மஞ்சள் டேப்பைத் தெரியாமல் அப்படிக் கேட்க வேண்டிய ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது.